கூடத்துக்குள் ஒரு குளம்

“அது குளத்துக்குப் போடறது சார். வீட்டுக்கு ஆகாது.”

வண்ணமீன் கடைக்காரர் இதைச் சொன்னபோது அவர் குரலில் கண்டிப்பும் கொஞ்சம் இரக்கமும் கலந்திருந்தன. நான் சுட்டிக்காட்டியது கடையின் மேல்தட்டில் தூசு படிந்து கிடந்த சதுரமான கருநிறப் பெட்டி ஒன்றை. தோட்டக் குளங்களில் கோய் மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் வடிகட்டி அது. கடைமொழியில் பாண்ட் ஃபில்டர். வீட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை நம் ஊரில் சோதிடருக்கு அடுத்தபடியாகக் கடைக்காரருக்கே உண்டு என்பதால் அன்று மறுபேச்சின்றித் திரும்பி வந்துவிட்டேன். அது 2023ஆம் ஆண்டின் கோடை.

அவர் சொன்னது தவறு என்பதே இக்கட்டுரையில் நான் முன்வைக்க விரும்பும் கருத்து. முழுத் தவறு என்று சொல்லிவிட முடியாது, பாதித் தவறு. மீதிப் பாதி சரி என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு பிளம்பர். அவரைப் பற்றிப் பின்னர் வருகிறேன். இலக்கியம் பேசும் இடத்தில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. இதில் ஒரு சொற்சிக்கலும் இருக்கிறது. அந்தச் சொற்சிக்கலால் பதினொரு உயிர்கள் போயிருக்கின்றன.

என் வீட்டுக் கூடத்தில் இருப்பது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி. இருபத்துநான்கு கன அடி. விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 680 லிட்டர். மேலே கொஞ்சம் இடம் விட்டு, மணலுக்கும் கல்லுக்கும் கழித்துக்கொண்டால் 600 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்ளலாம். நீர், கண்ணாடி, மணல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்ந்து முக்கால் டன்னைத் தாண்டும். இடமாற்றலில் ஊரைவிட்டுப் போன உறவினர் ஒருவர், எடுத்துச் செல்ல வழியில்லாமல் 2021இல் என் தலையில் கட்டியது இது. நான் விரும்பி வாங்கியிருந்தால் இத்தனை பெரிதாக வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் வந்த பிறகு அதன்முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. என் மகள் அதில் பதினொரு தங்கமீன்களை விட்டாள். தங்கமீன் என்பது சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளாகக் குளத்தில் வளர்க்கப்பட்ட கெண்டை இனம். உருவத்தில் சிறியதென்று ஏமாறக் கூடாது. உண்பதும் கழிப்பதும் அதற்கு ஓயாத தொழில்.

தொட்டியோடு வந்தது, மூடிய உருளை வடிவிலான ஒரு வடிகட்டி. கேனிஸ்டர் என்பார்கள். தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் ஒளித்து வைக்கத் தக்கது, ஓசையில்லாதது, அழகானது. உள்ளே பன்னிரண்டு லிட்டர் இடம். அதில் பஞ்சும் பீங்கான் வளையங்களும். ஆயிரம் லிட்டர் தொட்டிக்குப் போதும் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். அந்த ஆயிரம் லிட்டரில் எத்தனை மீன், எந்த மீன் என்பதை மட்டும் அச்சிடவில்லை.

2022ஆம் ஆண்டுப் போகியன்று வீட்டைக் கழுவித் துடைத்த உற்சாகத்தில் வடிகட்டியையும் திறந்தேன். பஞ்சு பழுப்பேறிச் சேறு போலிருந்தது. வளையங்கள்மீது வழுவழுப்பாக ஏதோ படர்ந்திருந்தது. அருவருப்புற்று எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, வெளுப்புத்தூள் கரைசலில் ஊறவைத்து, மீண்டும் அலசி, மொட்டைமாடி வெயிலில் உலர்த்தி மாட்டினேன். நீர் கண்ணாடிபோல் இருந்தது. தொட்டி அத்தனை தெளிவாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மாட்டுப்பொங்கலன்று மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று எண்ணி உணவு போட்டேன். காணும் பொங்கலன்று காலை நான்கு மிதந்தன. அடுத்த ஆறு நாட்களில் எஞ்சிய ஏழும் போயின. அப்போது ஆறாம் வகுப்பிலிருந்த என் மகள் அவற்றைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு, “தண்ணி நல்லாத்தானேப்பா இருக்கு?” என்று கேட்டாள். தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்தவனிடம் அதற்கு விடை இல்லை.

விடையைத் தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் மேற்கொண்டு பேச முடியாது.

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. உண்ணாத உணவும் கழிவும் அழுகி அதனோடு சேர்கின்றன. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது அளவோடு இருந்தால் மீன் பொறுத்துக்கொள்ளும், அவ்வப்போது நீரை மாற்றினால் போய்விடும். மண்ணிலிருந்து இந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளக்கியவர் ருஷ்ய அறிவியலாளர் வினோகிராட்ஸ்கி. மீன்தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் இனம் என்பது 1998இல்தான் தெரியவந்தது. இலண்டன் வேதியியலாளர் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வைத்து நீர் கெடாதிருப்பதைக் காட்டியது 1850இல். இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் மீன்காட்சியகம் 1853இல் திறந்தது. சென்னை மெரினாவில் 1909இல் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் ஒன்று திறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. இத்தனை காலம் மீன்தொட்டியைக் காத்துவந்த தொழிலாளி யார் என்று தெரியாமலேயே மனிதர்கள் மீன் வளர்த்திருக்கிறார்கள். நான் போகியன்று கழுவிக் கொட்டிய வழுவழுப்பு அந்தத் தொழிலாளிகளின் குடியிருப்பு.

எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் இதைக் கூடுதலாகக் கடுமையாக்குகிறது. என் வீட்டு நீர் காரத்தன்மையுடையது. சோதனைக் குப்பியில் பி.எச். 8 காட்டுகிறது. வெப்பம் 30 பாகையில் இருக்கும்போது பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8இல் அதே அம்மோனியாவில் நூற்றில் ஏழு பங்கு நஞ்சாகிவிடும். பிற ஊரில் மீன் தாங்குகிற அளவு எங்கள் ஊரில் கொன்றுவிடக்கூடும்.

சொற்சிக்கல் என்றேன். ‘வடிகட்டி’ என்ற சொல்லை ஓதிக்கொண்டே இருந்தால் தேயிலையும் சல்லடையும்தான் நினைவுக்கு வரும். திப்பியைத் தடுத்து நீரைத் தெளிவாக்கும் பொருள் என்றே மனம் கொள்ளும். திப்பி சேர்ந்தால் கழுவ வேண்டும் என்று கையும் துடிக்கும். தெளிவு நமக்குப் புதிதன்று. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வழக்கம் நம்மிடம் மிகப் பழையது. கலித்தொகையில் அது உவமையாகவே வந்துவிட்டது. ஆயினும் தேற்றாங்கொட்டை மண்ணைத்தான் கீழே படியவைக்கும். கரைந்திருக்கும் அம்மோனியாவை அது தொடாது. தெளிந்த நீர் வேறு, உயிர் வாழத் தக்க நீர் வேறு. ‘நீர்த்தேற்றி’ என்று ஒரு சொல்லைப் படைத்துப் பார்த்தேன். அதிலும் தெளிவே முன்னிற்கிறது. நல்ல சொல் நண்பர்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை வடிகட்டி என்றே எழுதுகிறேன், அரைமனத்தோடு.

மறுபடியும் மீன் விட்டோம். இம்முறை ஆறு. வளையங்களைக் குழாய்நீரில் கழுவுவதில்லை. தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெல்ல அலசுவதோடு சரி. ஓராண்டு நன்றாகவே போயிற்று. 2023 மே மாதம் எங்கள் தெரு மின்மாற்றி பழுதாகி ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. வந்தவுடன் கேனிஸ்டர் தானாக ஓடத் தொடங்கியது. அதிலிருந்து வந்த நீர் சற்றே கருத்திருந்தது. கூடம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். மறுநாள் மூன்று மீன்கள் இறந்தன.

இதில் என் தவறு இருந்ததென்றால், அப்பொருளை நம்பியதுதான். நஞ்சை மாற்றும் அந்நுண்ணுயிர்கள் உயிர்வளி வேண்டுபவை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றிமுடிக்க நாலரை மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் செலவாகிறது. ஓட்டம் நின்ற மூடிய கலத்துக்குள் இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். பிறகு அங்கே வேறுவகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து ஹைட்ரஜன் சல்பைடு போன்றவற்றை உண்டாக்கத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அத்தனையும் தொட்டிக்குள் போய் விழும். கோடையில் நீரே ஆக்சிஜனைக் குறைவாகத்தான் வைத்திருக்கும்: 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கொள்ளும் நீர் 30 பாகையில் ஏழரைதான் கொள்ளும். மின்சாரம் போகாத நாடுகளில் அமைத்த கருவிக்கு இந்தக் கவலை இல்லை. நமக்கு உண்டு. 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்சாரமின்றி வாழ்ந்ததை நாம் அதற்குள் மறந்துவிட்டோம். இப்போது அந்த நிலை இல்லை. எனினும் ஒரு புயலோ ஒரு மின்மாற்றியோ போதும்.

அந்த மே மாதத்தில்தான் கடைக்குப் போய் மேல்தட்டுப் பெட்டியைக் கேட்டேன்.

குள வடிகட்டி என்பது பெரும்பாலும் கோய் வளர்ப்போரின் தேவையால் வளர்ந்த பொருள். ஜப்பானின் நியிகாதா மலையூர்களில், வயற்குளத்தில் உணவுக்காக வளர்த்த கெண்டையில் தற்செயலாய்த் தோன்றிய நிறங்களை 19ஆம் நூற்றாண்டில் உழவர்கள் பேணத் தொடங்கினார்கள். கோய் அப்படிப் பிறந்தது. இரண்டடி வளரும் மீன். (அதை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது கொடுமை என்பது என் எண்ணம், வாஸ்து மீன் என்று கடைகளின் வரவேற்பறையில் தன் உடல் திரும்பவும் இடமில்லாமல் கிடக்கும் அரோவனாவைப் பற்றியும் அதுவே எண்ணம்.) அத்தகைய மீனுக்கான வடிகட்டியில் அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய பெட்டி, நிறைய இடம், திறந்த வாய், கையால் எடுத்துப்போட்டுக் கழுவும் பாய்கள். ஆறடித் தொட்டிக்கு வேண்டியவை இவைதாம். அறுநூறு லிட்டர் நீரும் ஆறு கெண்டைகளும் உள்ள ஒன்றைக் கண்ணாடிச் சுவர் இருப்பதால் மட்டும் அழகுப்பொருள் என்று கொள்வது பிழை. அது குளம். கூடத்துக்குள் வந்துவிட்ட குளம். ஐயங்குளத்தில் பம்பு இல்லையே என்று ஒரு மாணவர் கேட்டார். கார்த்திகைத் தீபத்துக்குப் பின் தெப்பல் மிதக்கும் அக்குளத்துக்கு விரிந்த நீர்ப்பரப்பும் வெயிலும் பாசியும் அடிச்சேறும் அந்த வேலையைச் செய்கின்றன. என் தொட்டியின் நீர்ப்பரப்பு பன்னிரண்டு சதுர அடி.

இரண்டாம் முறை போனபோதும் கடைக்காரர் அதையே சொன்னார். நான் பெட்டியை வாங்காமல் அதன் அமைப்பைப் பார்த்து வைத்துக்கொண்டு தேரடி வீதிக்குப் போய் அறுபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும், பால் கூடைபோல் துளையுள்ள இரண்டு கூடைகளும், பாத்திரம் துலக்கும் நைலான் நார் எட்டு டஜனும் வாங்கினேன். பாத்திரக் கடைக்காரர், “எந்த ஓட்டல் சார்?” என்று கேட்டார். ஒரு நீரமிழ் பம்பு. தொட்டிக்குப் பின்னே உயரமான இரும்புத் தாங்கியில், நீர்மட்டத்துக்கு மேலே, அந்தப் பிளாஸ்டிக் தொட்டி. பம்பு நீரை மேலே ஏற்றும். அது துளைத்தட்டின் வழியே மழைபோல் நார்மீது விழுந்து, வழிந்து, அடியில் தேங்காமல் குழாய் வழியே மீண்டும் மீன்களிடம் போகும். குளத்துப் பெட்டிகளில் பல, நீரை உள்ளே தேக்கி வைப்பவை. நான் தேங்கவிடாத வகையைத் தேர்ந்ததற்குக் காரணம் மின்சாரம்தான். ஓட்டம் நின்றாலும் நார் ஈரமாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும். அதில் குடியிருப்பவை மூச்சுத் திணறா.

குழாய் பொருத்த வந்த பிளம்பர், ஏரிப்பாசனமுள்ள சிற்றூர்க்காரர், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேல்தொட்டியிலிருந்து நீர் இறங்கும் ஒற்றைக் குழாயைத் தொட்டுக் காட்டி, “இதுல குப்பை அடைச்சிக்கிச்சுன்னா? கோடி எங்க சார் வெச்சீங்க?” என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. ஏரி நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடக் கரையின் கடைக்கோடியில் விடப்படும் வாய்தான் எங்கள் பக்கத்துப் பேச்சில் கோடி. ‘ஏரி கோடி போயிடுச்சு’ என்பது எங்கள் மாவட்டத்தில் மழைக்காலத்தின் மிக மகிழ்ச்சியான வாக்கியம். நூல்களில் கலிங்கு. கோடி இல்லாத ஏரியை இந்த மண்ணில் எவரும் வெட்டியதில்லை; கோடி இல்லையேல் கரை உடையும். நான் வகுப்பில் ஊருணி, இலஞ்சி, கயம், பொய்கை, வாவி என்று நீர்நிலைப் பெயர்களை ஒப்பிக்கச் செய்பவன். கூடத்தில் ஓர் ஏரியைக் கட்டும்போது கோடி வைக்கத் தோன்றவில்லை.

கடைக்காரர் சொன்னதில் சரியான பாதி இதுதான். தோட்டத்துக் குளத்தில் பெட்டி நிரம்பி வழிந்தால் செடிக்குப் போகும். குழாய் கழன்றால் புல் நனையும். கூடத்தில் அதே கோளாறு நடந்தால் இரவோடு இரவாக அறுநூறு லிட்டர் நீர் தரையிலும், மாடிவீடானால் கீழ்வீட்டார் கூரையிலும் இருக்கும். குளக் கருவியைச் செய்தவர், சிந்தினால் மண் குடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்திருக்கிறார். அந்த நம்பிக்கையை நாம் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. கருவியை மட்டும் கொண்டுவரலாம். மண் செய்த வேலையை நாம் செய்தாக வேண்டும்.

ஆகவே இறங்குகுழாயை இரண்டு அங்குலத்துக்கு மாற்றினோம். அதற்கு மேலே, விளிம்புக்கு நான்கு விரல் கீழே, அதே அளவில் இரண்டாவது குழாய். அதுவே கோடி. அதுவும் மீன்தொட்டிக்குள்ளேயே இறங்குகிறது. கீழ்க்குழாய் அடைத்தால் நீர் கோடி வழியே போகும். அந்த ஓசை வேறாக இருக்கும் என்பதால் உறக்கத்திலும் தெரிந்துவிடும்.

அடுத்தது, மேலேற்றும் குழாய் கழன்றுவிட்டால் என்ன செய்வது என்பது. பம்பைத் தொட்டியின் அடியில் வைத்தால் கடைசிச் சொட்டுவரை இறைத்துத் தரையில் கொட்டிவிடும். மேலே வைத்தால் அடியில் தங்கும் கழிவை எடுக்காது. இங்கேயும் ஏரிதான் கைகொடுத்தது. பழைய ஏரிகளில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி நீருக்குள் அமைந்த குமிழித் தூம்பை நண்பர்கள் சிலர் கண்டிருக்கக்கூடும். அதன் மேல்துளை நீரோடி. கீழே உள்ள துளைகள் சேறோடி. பாசனத்துக்கு நீர் போகும்போதே அடிவண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். ஏரி தூராமல் நெடுங்காலம் நிற்கும். நான் பம்பை நீர்மட்டத்தருகே தொங்கவிட்டு, அதன் உறிஞ்சுவாயில் அடிவரை செல்லும் குழாயைப் பொருத்தினேன். அடியில் சேறோடியாக வாய்; நீர்மட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழே நீரோடியாக ஒரு துளை. எங்கேனும் குழாய் கழன்று நீர் இறங்கினால், மூன்றங்குலம் இறங்கியதும் மேல்துளை காற்றை உறிஞ்சும். பம்பு ஏற்றுவதை நிறுத்திவிடும். நட்டம் எண்பத்தைந்து லிட்டர், அதாவது ஆறு வாளி. பம்பு வறண்டு கருகலாம், கூடம் பிழைக்கும். கோடையில் நீர் ஆவியாகிக் குறைவதை நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டும் என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை.

பம்பு வாங்குவோர்க்கு ஒரு சொல். அட்டையில் ‘4000 லிட்டர், உயரம் 3 மீட்டர்’ என்று இருந்தால் மூன்று மீட்டர் உயரத்துக்கு மணிக்கு நாலாயிரம் லிட்டர் ஏற்றும் என்று எவரும் எண்ணுவர். நானும் எண்ணினேன். உயரமே இல்லாதபோது நாலாயிரம். மூன்று மீட்டரில் சுழியம். இரண்டு எண்களும் உண்மை, சேர்த்துப் படித்தால் பொய். உயரத்தையும் பம்பிலிருந்து அளக்கக் கூடாது, நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். என் வீட்டில் அது மூன்றடி. வாளி வைத்து அளந்தேன்: பதினைந்து லிட்டர் வாளி இருபத்தொரு வினாடியில் நிரம்பியது. மணிக்கு ஏறத்தாழ 2570 லிட்டர். தொட்டி நீர் ஒரு மணியில் நான்கு முறைக்கு மேல் சுற்றிவருகிறது, போதும். மின்செலவு 60 வாட். ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். அரசு வீட்டுக்கு விலையின்றித் தரும் நூறு யூனிட்டில் எண்பத்தாறைத் தங்கமீன்கள் எடுத்துக்கொள்கின்றன என்று என் மனைவி கணக்குச் சொல்கிறார்.

அவருடைய பெரிய மனக்குறை ஓசை. கேனிஸ்டர் மௌனி, இது நாள் முழுதும் பேசும். இறங்குகுழாயின் வாயை நீருக்குள் அமிழ்த்திப் பாதி ஓசையைக் குறைத்தேன். மீதிப் பாதி இருக்கிறது. தோற்றமும் அப்படியே. விருந்தினர் வந்தால் முதலில் காண்பது மீன்களை அன்று. நீலத் தொட்டியையும் பி.வி.சி. குழாய்களையும்தான். மறைக்கத் திரை போடலாமா என்றார். காற்று வேண்டும் என்பதால் மறுத்துவிட்டேன். இதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை. குளப் பெட்டிகளில் பச்சை நீரைத் தெளிவிக்கப் புறஊதா விளக்கும் சேர்த்து விற்கிறார்கள். நேர் வெயில் படாத கூடத்தில் நீர் பச்சையாவது அரிது, அந்தச் செலவு வேண்டியதில்லை. மின்கசிவுத் தடுப்பான் (ஈ.எல்.சி.பி.) மட்டும் கட்டாயம் வேண்டும். மலிவான பம்புகள் கசிந்து நீரில் மின்சாரம் பாய்வது உண்டு. தொட்டிக்குள் கைவிடும் முன் இணைப்பைப் பிடுங்குவது என் வீட்டில் எழுதாச் சட்டம். மின்கம்பி சுவர்ச் செருகிக்குப் போகுமுன் ஒரு வளைவாகத் தாழ்ந்து எழ வேண்டும். வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரத்தில் குறையில்லாத ஊரில், செடிகளும் பத்துப் பன்னிரண்டு சிறுமீன்களுமாக வளர்ப்பவர்க்குக் கேனிஸ்டர் நல்ல பொருளே. இன்வெர்ட்டரில் அதை இணைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. நான் பேசுவது பெரிய தொட்டியையும் பெருந்தீனி மீனையும் நம்முடைய மின்சாரத்தையும் பற்றி.

2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயலின் மழை எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டது. அண்ணாமலையின் அடிவாரத்தில் மண் சரிந்து ஒரு வீட்டுக்குள் ஏழு உயிர்கள் புதைந்த நாட்கள் அவை. அந்த நாட்களின் மீன்தொட்டியைப் பற்றி எழுத நாக் கூசுகிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் தெருவில் இருபத்தாறு மணி நேரம் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சிறு காற்றுக்கருவி ஒன்று தொட்டிக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு ஒருமுறை என் மகள் ஒரு குவளை தொட்டிநீரை மொண்டு மேலே இருந்த நார்மீது ஊற்றினாள். மீன்களுக்கு அன்று உணவு போடவில்லை. மறுநாள் இரவு மின்சாரம் வந்தபோது மேலிருந்து இறங்கிய நீரை அவள் முகர்ந்து பார்த்து, “மழை பெஞ்ச மண்ணு மாதிரி இருக்குப்பா” என்றாள். மூன்று மீன்களும் இருந்தன. இன்றும் இருக்கின்றன, பெரியது என் உள்ளங்கையைத் தாண்டிவிட்டது.

சென்ற போகிக்கு நான் வீட்டைக் கழுவினேன். மேலிருக்கும் தொட்டிப் பக்கம் போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கூடைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, தொட்டிநீர் நிரப்பிய வாளியில் நான்கு முறை முக்கி எடுக்கிறேன். வாளியில் தங்கும் பழுப்பு நீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது.